கத்தியின் வாய்

(ஒரு வாசகசாலையில், ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலையில் செய்த சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் காரியதரிசி சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து ஒரு சொற்பொழிவு செய்ய வேண்டும் என்று கேட்டபோது, நான் இலக்கியத்தைப்பற்றியோ வேதாந்தத்தைப்பற்றியோ ஏதாவது சொல்லுவேன் என்றுதான் எதிர்பார்த்திருக்க வேண்டும். கத்தியைப்பற்றிப் பேசுகிறேன், வருகிறவர்கள் தத்தம் சமையற்கட்டிலிருந்து ஒரு கத்தியையும் கொண்டுவரட்டும் என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு கலவரம் படர்ந்தது. அதை மரியாதையினால் மறைத்துக்கொண்டு போய்விட்டார். அறிக்கையை அச்சடித்தவரோ, 'கத்தி' என்று எழுதியிருப்பது 'பக்தி' என்பதன் பிழையாகத்தான் இருக்கும், திருத்திவிடட்டுமா என்று ஆள்விட்டுக் கேட்டாராம். திருத்தாமல் விட்டதற்கு அவருக்கு என் வந்தனம்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை உங்களில் பலர் அறிவீர்கள். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு செப்பனிடப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனுடைய சிறு குடிலிலே கிடக்கின்றன என்று பாட்டி சொல்லுகிறாள். புகழ்வதுபோல் பழித்ததும் பழிப்பதுபோல் புகழ்ந்ததும் ஆகிய அந்தச் சாதுரியத்தை வியந்து வியாக்கியானம் செய்தவர்கள் அநேகர். கத்தி தீட்டுவதில் ஆசையுள்ள எனக்கு அந்தப் பாட்டில் வேறொன்று தோன்றுவதுண்டு. நெய் பூசி வைப்பதும் ஒரு பராமரிப்பு. கொல்லன் பட்டறைக்கு அனுப்புவதும் ஒரு பராமரிப்பு. தொண்டைமானுடைய நெய்யும் அதியமானுடைய கொல்லனும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்க வேண்டும். நம் வீடுகளிலோ பெரும்பாலும் இரண்டும் இல்லை. மேஜை இழுப்பறையில் கரண்டிகளோடும் தேங்காய்த் துருவியோடும் உருண்டு கிடக்கும் ஒரு மொக்கைக் கத்தி மாத்திரம் இருக்கிறது.

கத்தியின் உறுப்புகளுக்குத் தமிழர் உடம்பின் உறுப்புகளுடைய பெயரையே வைத்தார்கள். அதற்கு முதுகு உண்டு, வாய் உண்டு. வெட்டுகிற விளிம்பை வாய் என்றவன் அது தின்னுகிறது என்பதை மட்டுமன்றி, தேய்கிறது, நோய்ப்படுகிறது என்பதையும் அறிந்திருப்பான் போலும். இரண்டு சரிவுகள் வந்து சந்திக்கும் கோடுதான் அந்த வாய். நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும்; நம் தலைமயிரின் கனமோ அதைப்போலப் பல பத்து மடங்கு. கையின் பலம் முழுவதும் அத்தனை சூக்ஷ்மமான இடத்தில் வந்து குவிவதால்தான், நாம் அழுத்தாமலே கத்தரிக்காய் இரண்டாகிறது. கோடு தேய்ந்து பட்டையானால் அதே பலம் பரந்துபோய்விடுகிறது. அப்பொழுது நாம் அழுத்துகிறோம். அழுத்தியதும் கத்தி வழுக்குகிறது. வழுக்கியது விரலில் போய் நிற்கிறது. கூரான கத்தியைக் கண்டு பயந்து வீட்டில் மொக்கைக் கத்தியையே வைத்திருக்கும் தாய்மார்கள் இந்த விபரீதத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கோட்டைக் கெடுப்பது எது? காய்கறி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வெண்டைக்காயும் வெங்காயமும் எஃகை என்ன செய்துவிடும்? காயின் அடியில் இருப்பதுதான் கத்திக்குச் சத்துரு. சமையல் மேடையின் கருங்கல், எவர்சில்வர் தட்டு, பீங்கான், கண்ணாடி ஆகிய இவற்றின்மேல் காயை வைத்து நறுக்கும்போது, ஒவ்வொரு தடவையும் காயைத் தாண்டிப்போன வாய் கல்லிலே முட்டி மடங்குகிறது. மரப்பலகையானால் வாய் அதற்குள் சிறிதளவு இறங்கி இளைப்பாறும்; பலகையில் விழும் கீறல்களெல்லாம் கத்திக்கு மிச்சம். நறுக்கியதைச் சட்டியில் தள்ளும்போது கத்தியின் வாயாலே பலகையைச் சுரண்டுகிற வழக்கமும் எங்கும் இருக்கிறது. முதுகைத் திருப்பித் தள்ளினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த நியாயத்தை நினைக்கும்போது நம் அரிவாள்மனையை மெச்சாமல் இருக்க முடிவதில்லை. அங்கே அலகு நிலையாக நிற்கிறது. காய்தான் கையிலிருந்து அதை நோக்கிச் செல்லுகிறது. காயைக் கடந்தபிறகு வாய்க்கு எதிரே கல்லும் இல்லை, தட்டும் இல்லை, வெறும் ஆகாசம். கால் நூற்றாண்டு சாணையையே காணாத அரிவாள்மனைகள் இன்னும் வாழைப்பூவை நூல்நூலாக நறுக்கிக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம்; இரும்பின் உயர்வு என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த அமைப்பின் உயர்வு. தரையில் உட்கார்ந்து ஒரு காலால் மனையை அழுத்திக்கொள்ள வேண்டியிருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் அதைக் கைவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் முழங்காலும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டது.

மழுங்குவதற்கு அடுத்த நோய் துரு. இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. உப்பு அதைத் துரிதப்படுத்துகிறது. ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிய கத்தியை அப்படியே வைத்துவிட்டு மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வாழைக்காய் நறுக்கிய கத்தியில் ஏறுகிற கறுப்பு துருவல்ல. வாழைக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே ரசாயனந்தான். ஆகவே ஒவ்வொரு வாழைக்காய்க் கறி அன்றும் நம் சமையற்கட்டில் கொஞ்சம் எழுதும் மை தயாராகிறது. கத்திக்கு அதனால் அதிகக் கெடுதல் இல்லை. காய் கறுத்துப்போவதுதான் நஷ்டம். நறுக்கிய துண்டுகளை மோரில் போடுகிற வழக்கம் அதற்காகத்தான். பலாப்பழத்தின் பாலோ வேறு ஜாதி. அது தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கே வழிவிடும். வெட்டுவதற்கு முன்பே அலகிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால், பின்னால் அரைமணி நேரம் சுரண்ட வேண்டியிராது.

துருவுக்கு மருந்து மிகச் சாமான்யமானது: வேலை முடிந்தவுடன் கழுவித் துடைத்துவிட வேண்டும். துடைப்பது என்பதை அழுத்திச் சொல்லுகிறேன்; கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைப்பதைத்தான் பலர் சுத்தம் என்று நினைக்கிறார்கள். சில நாள் எடுக்கப்போவதில்லையானால் எண்ணெயை ஒரு துளி துணியில் தொட்டுப் பூசலாம். தொண்டைமான் நெய் பூசினான். நமக்கு அது கட்டாது. தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகுவதில்லை. நல்லெண்ணெயோ நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஏறிவிட்ட துருவைப் புளியால் தேய்த்து எடுப்பது பழைய முறை. புளியிலுள்ள அமிலம் துருவைக் கரைக்கும். கரைத்தபிறகு எஃகையும் கரைக்கும் என்பதை அறியாமல், என் தகப்பனார் விட்டுப்போன ஒரு பேனாக்கத்தியை ஓர் இரவு முழுவதும் புளிக்கரைசலில் ஊறவைத்தேன். காலையில் துரு இல்லை. அலகு முழுவதும் அம்மைத் தழும்பு. அதை இன்றும் பென்சில் சீவ வைத்திருக்கிறேன். சீவுகிற ஒவ்வொரு தடவையும் அது என் முகத்தைப் பார்க்கிறது.

இங்கே துருப்பிடிக்காத எஃகின் வக்கீல்கள் எழுந்து நிற்பார்கள் என்று தெரியும். 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழாய்களின் தேய்மானத்தைக் குறைப்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்தபோது, நூற்றுக்குச் சுமார் 13 பங்கு குரோமியம் கலந்த எஃகு எளிதில் அரிக்கப்படுவதில்லை என்று கண்டார். அந்த ஊரோ கத்திகளுக்குப் பேர்போன ஊர். இதைக்கொண்டு சாப்பாட்டு மேஜைக் கத்திகள் செய்யலாமே என்று அவர் சொன்னபோது, பரீட்சித்துப் பார்த்த தொழிலாளிகள் சரியாகக் காய்ச்சித் தோய்க்கத் தெரியாமல் செய்து, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மகான் என்று அவரைப் பரிகாசம் செய்தார்களாம். பிறகு கத்தித் தொழிற்சாலை நிர்வாகியாகிய எர்னஸ்ட் ஸ்டூவர்ட் அதைக் காடியில் தோய்த்துப் பரீட்சித்து, கறை படியாதது என்ற கருத்தில் அதற்கு இன்று வழங்கும் பெயரைக் கொடுத்தார். நம் ஊர்க் கடைக்காரர் அதையே என்றும் வெள்ளியாக்கி எவர்சில்வர் என்றார்கள். குரோமியம் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வை ஒன்றை உண்டாக்குகிறது. கீறினாலும் அது தானே மறுபடி மூடிக்கொள்ளும். ஆனால் உப்புத் தண்ணீரில் நெடுநேரம் ஊறினால் அந்தப் போர்வையிலும் இடையிடையே ஓட்டை விழும். மழுங்குவதற்கோ அது எள்ளளவும் தடையல்ல. எவர்சில்வர் கத்தி துருவிலிருந்துதான் நம்மைக் காப்பாற்றுகிறது, தீட்டுவதிலிருந்து காப்பாற்றுவதில்லை.

இனித் தீட்டுதலுக்கு வருவோம். நான் சொல்ல வந்தது உண்மையில் இதுதான். இதுவரை சொன்னதெல்லாம் வாசலில் நின்று பேசினதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறான் என்று நன்றிகெட்டவனைச் சொல்லுகிறோம். எஃகை மரத்தில் எப்படித் தீட்டுவது என்று யாராவது யோசித்ததுண்டா? பனையேறிகளைக் கேட்டால் சொல்லுவார்கள். பாளை சீவுகிற அரிவாளை அவர்கள் மரக்கட்டை ஒன்றில் தீட்டுகிறார்கள். கட்டையின்மேல் வெள்ளைக்கல்லை, அதாவது வெங்கச்சங்கல்லை, இடித்த பொடி தூவியிருக்கும். கனிப்பொருள்களின் கடினத்தை ஒன்றுமுதல் பத்துவரை வரிசைப்படுத்திய மோஸ் என்பவருடைய கணக்கில் வெள்ளைக்கல்லுக்கு 7. தோய்ச்சல் ஏறிய எஃகுக்குச் சுமார் ஆறரை. அந்த அரை எண்தான் வேலை செய்கிறது. கல்லின் துகள் எஃகை மெதுவாக அரிக்கிறது. மென்மையான மரம் அந்தத் துகளை ஏந்திக்கொண்டு, மேலே துருத்தாதபடி அடக்கி வைத்திருக்கிறது. சாணைக்கல் வாங்கப் பணமில்லாதவன் செய்த உபாயம் என்று இதை அலட்சியம் செய்ய வேண்டாம். பளபளப்பாக்கும் பொடியை மென்மையான பரப்பில் தடவி அதில் வாயை இழுப்பது, உலகத்தின் மிகச் சிறந்த க்ஷவரக் கத்திகளுக்கும் கடைசியாகச் செய்கிற சம்ஸ்காரம்.

பனையேறிக்கு அவ்வளவு கூர் எதற்கு? பாளையின் நுனியை அவன் காலையும் மாலையும் காகிதம்போல் மெல்லிதாகச் சீவுகிறான். வாய் கூராக இருந்தால் வெட்டு சுத்தமாக விழுந்து பதநீர் கசிந்துகொண்டே இருக்கும். மழுங்கியிருந்தால் பாளையின் நுண்ணிய குழல்கள் நசுங்கி அடைபடும், கலயத்தில் விழுகிறது குறையும். அவனுடைய வருமானம் அந்தக் கோட்டில் தொங்குகிறது. ஆகவே மரத்தில் ஏறுமுன்பே அரிவாளைக் கட்டையில் சில இழுப்பு இழுத்துக்கொள்ளுகிறான். தேய்ந்தபிறகு தீட்டுவதில்லை, தேயத் தொடங்குமுன்பே தொட்டுவிடுகிறான். ஒவ்வொரு முறையும் அரிவாளிலிருந்து போவது கண்ணுக்குத் தெரியாத அளவு. நாம் செய்வது எப்படி? வருஷம் முழுவதும் கத்தியைக் கல்லில் முட்டிவிட்டு, தக்காளித் தோலில்கூட இறங்காத நிலைக்கு வந்தபிறகு, தெருவில் சாணை பிடிக்கிறவர் குரல் கேட்டதும் ஓடிப்போய்க் கொடுக்கிறோம். அவரும் நம் திருப்திக்காகத் தீப்பொறி பறக்கத் தேய்க்கிறார். அந்தப் பொறி ஒவ்வொன்றும் நம் கத்தி. எஃகின் துகள்தான் அப்படி எரிந்து போகிறது. தீட்டுதல் என்பது கத்தியைச் செலவழிப்பது. வட்டியை மட்டும் சாப்பிடுகிறவனும் முதலை வெட்டித் தின்கிறவனும் இருப்பதுபோலத் தீட்டுகிறவர்களிலும் உண்டு. பனையேறி முதல் வகை.

ஆகையால் வீட்டில் ஒரு தீட்டுக்கல் இருக்க வேண்டும். 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் மணலையும் கரியையும் மின்சார உலையில் சேர்த்துக் காய்ச்சி உண்டாக்கிய கார்போரண்டம் கல் இப்பொழுது எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் மென்மை. முரட்டுப் பக்கத்தை மறந்துவிடலாம் என்றே சொல்லுவேன். வாயில் பல்லு விழுந்தால் ஒழிய அது வேண்டாம். கல்லைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியின்மேல் அசையாமல் வைக்க வேண்டும். கத்தியைப் படுக்கவைத்து, முதுகைச் சுண்டுவிரல் கனத்துக்குத் தூக்கினால், நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள அலகுக்குச் சரிவு 15 பாகைக்குச் சற்று மேலே வரும்; கறி நறுக்க அது போதும். தேங்காயும் எலும்பும் வெட்டுகிற அரிவாளுக்கு இன்னும் தூக்க வேண்டும், மெல்லிய வாய் அங்கே பெயர்ந்துவிடும். இந்தச் சரிவு முதல் இழுப்பிலிருந்து கடைசி இழுப்புவரை மாறாமல் இருப்பதுதான் வித்தை. வேறு இரகசியம் ஒன்றும் கிடையாது. நாவிதர்களுடைய பழைய க்ஷவரக் கத்தியில் இந்தச் சிரமமே இல்லாதபடி யாரோ புத்திசாலி யோசித்து வைத்திருக்கிறான்: அலகின் இரு பக்கமும் குழிந்திருப்பதால், கல்லில் படுக்கவைத்தவுடன் முதுகும் வாயும் மாத்திரம் படும், முதுகின் கனமே சரிவைத் தீர்மானித்துவிடும்.

ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால், மறுபக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிர் ஒன்று புரளும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலை வாயின் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்புறமாக, இலேசாக இழுத்தால் நகத்தில் தடைபடும். நீளவாட்டத்தில் விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள்; அதற்கு மருந்து கத்திச் சாஸ்திரத்தில் இல்லை. பிசிர் அடியிலிருந்து நுனிவரை வந்ததானால் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். திருப்பி மறுபக்கத்தையும் அவ்வாறே செய்து, பிறகு வரவர அழுத்தத்தைக் குறைத்து, இப்பக்கம் ஒன்று அப்பக்கம் ஒன்றாக இழுத்துப் பிசிரை உதிர்க்க வேண்டும். பிசிரைப் போக்காமல் நிறுத்துகிறவர்கள்தாம், தீட்டின அன்று வெட்டுகிறது, மறுநாள் வெட்டவில்லை என்று புகார் செய்கிறவர்கள். அவர்கள் அன்று வெட்டியது பிசிரால். கடைசியில் ஒரு தோல் வாரில், இல்லாவிட்டால் பழைய செய்தித்தாளை மடித்து வைத்து, வாய் பின்னே வரும்படி ஐந்தாறு தடவை இழுக்கலாம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் நாவிதர் உள்ளங்கையிலேயே கத்தியை இப்படியும் அப்படியும் புரட்டுவார். அந்தக் கைத்தோல் ஒரு வாருக்குச் சமானமாகத் தடித்திருந்தது.

சுழலும் சாணைச் சக்கரத்தை நான் அடியோடு கண்டிக்கவில்லை. தெரிந்தவர் கையில் அது நல்ல சாதனம். தெரியாதவர் கையில் என்ன செய்யும் என்பதை என் கையாலேயே கண்டேன். கொல்லன் ஓர் அலகைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தவுடன் அது கண்ணாடிபோல் கடினமாகிறது. கீழே போட்டால் உடைந்துவிடும். ஆகையால் மறுபடி இளஞ்சூடு காட்டி அந்த முறுக்கைக் கொஞ்சம் தளர்த்துகிறான். தேய்த்து வெளுப்பாக்கிய எஃகின்மேல் சூடு ஏற ஏற நிறம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, சுமார் 220 பாகை உஷ்ணத்தில் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்திவிடுகிறான். அது கத்திக்குரிய பதம். 300 பாகையை எட்டினால் நீலம் பாரிக்கும். அது சுருள்வில்லுக்கு உரிய பதம், வெட்டும் வாய்க்கு ஆகாது. எனக்குத் தெரிந்தவர் ஒருவருடைய பட்டறையில் மின்சாரச் சாணையைக் கண்டதும் எனக்கு ஒரு சபலம். வீட்டிலிருந்த நல்ல கத்தியை, தண்ணீர் தொடாமல், ஒரே இடத்தில் சற்று அழுத்திப் பிடித்தேன். வாய் ஓரத்தில் மயில்கழுத்துப்போல் ஓர் அழகான நீலம் ஓடிற்று. பட்டறைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த அரை அங்குலம் அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் இரண்டு நாளுக்குமேல் கூர் நிற்பதில்லை. கொல்லன் கொடுத்த பதம் ஒரு நொடியில் போயிற்று. அதை மீட்கக் கல்லால் முடியாது, உலையால்தான் முடியும்.

அந்தப் பதத்தை ஏற்கும் நம் நாட்டு எஃகின் அருமையை அயல்நாட்டார் அறிந்திருந்தார்கள் என்பதற்கு ஒரு செய்தி சொல்லிவிட்டு மேலே போகிறேன். தென்னிந்தியாவில் மூசையில் வைத்து உருக்கிய எஃகை ஆங்கிலேயர் ஊட்ஸ் என்றார்கள்; உருக்கைக் குறிக்கும் நம் தென்னாட்டுச் சொல் ஒன்றின் சிதைவு அது என்பர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைப்பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அங்கே சத்திரசிகிச்சைக் கத்திகள் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் ஐரோப்பிய எஃகைவிட அதை மேலாக மதித்தார். பிற்காலத்தில் மின்சாரத்தால் உலகப் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே, அந்தக் கத்திக்காரரோடு சேர்ந்து 1820ஐ ஒட்டிய வருஷங்களில் எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். பாரடேயின் தகப்பனார் ஒரு கொல்லர் என்பதும் நினைவுகூரத் தக்கது.

பிடியைப்பற்றியும் கருக்கரிவாளைப்பற்றியும் இரண்டு வார்த்தை. மரப்பிடிக்குள் அலகின் வால் அரக்கிட்டு இறுக்கப்பட்டிருந்தால், கொதிக்கிற தண்ணீரில் போடுவது பிடியைக் கழற்றுவதற்குச் சமானம், அரக்கு இளகிவிடும். ஊறின மரம் காயும்போது வெடிக்கும். கதிர் அறுக்கும் கருக்கரிவாளைக் கல்லில் தீட்டவே கூடாது. அதன் பற்களைக் கொல்லன்தான் மறுபடி கருக்கு வைத்துத் தர வேண்டும்.

நாளைக்கு மறுநாள் ஆயுத பூஜை. வருஷத்தில் ஒரு நாள் நாம் கத்தியையும் அரிவாள்மனையையும் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, பூ வைத்து, அன்று எதையும் வெட்டாமல் அவற்றுக்கு ஓய்வு கொடுக்கிறோம். இதைப்போன்ற அழகான சம்பிரதாயம் வேறு தேசத்தில் உண்டோ என்னவோ, எனக்கு இது மிகவும் பிரியம். ஆனால் ஈரச் சந்தனத்தோடு ஓர் இரவு முழுவதும் கிடந்த இரும்பில், விஜயதசமி காலையில் பொட்டு இருந்த இடத்திலெல்லாம் துருப்பொட்டு இருக்கும். தெய்வக் குற்றம் ஒன்றும் வராது; கழுவியபிறகு நன்றாகத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி, பொட்டை வாயில் வைக்காமல் பிடியிலே வையுங்கள். மறுநாள் எடுக்கும்போது முதல் காரியமாக அந்தப் பொட்டைத் துடைத்து, கல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் பிறகு காய் நறுக்குங்கள்.

காரியதரிசி கடியாரத்தைப் பார்க்கிறார். இந்த மேஜையின்மேல் என் கல்லும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பழைய வேஷ்டித் துண்டும் இருக்கின்றன. கொண்டுவந்த கத்திகளை வரிசையாகக் கொடுங்கள். பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டுங்கள். மூன்றாவது வரிசையில் ஓர் அம்மையார் நெடுநேரமாக முந்தானைக்குள் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறார். அலகு பாதியாய்த் தேய்ந்து பிறைபோல் வளைந்திருக்கிறது என்று இங்கிருந்தே தெரிகிறது. வெட்கப்பட வேண்டாம் அம்மா, அதை முதலில் கொடுங்கள்.